பதிவேட்டின் மூன்று ஓரங்கள்

அந்த பாட்டிலின் மேல் ‘மருந்து’ என்று எழுதி ஒட்டியது நான்தான். உள்ளே இருந்தது மாட்டுப் பித்தம். ஆரஞ்சுச் சாறு வந்த பழைய கண்ணாடி பாட்டில். கழுத்து வரை கரும்பச்சை நீர். மூடியைத் திறந்தால் பட்டறையில் இருக்கும் அத்தனை பேருக்கும் வெளியே ஏதோ அவசர வேலை நினைவுக்கு வந்துவிடும். கெடாமல் இருக்க அதில் கொஞ்சம் ஸ்பிரிட் கலந்திருக்கும். பட்டறை முதலாளியான பாய்க்கு அந்த ஸ்பிரிட் ஆகாது. வண்ணத்தாள் போடும் அக்காவுக்கு அந்த மாடு ஆகாது. ஆனால் அது இல்லாமல் எங்கள் தொழில் நடக்காது என்பதால், அதன் பெயரைச் சொல்லாமலே புழங்குவது என்று இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தார்கள். புதுப்பெயர் சூட்டும் பொறுப்பு, அந்த இடத்தில் படித்தவன் என்று பெயர் வாங்கியிருந்த எனக்கு வந்தது. ஒன்றை வேறொரு பெயரில் சொல்லி எல்லோரையும் நிம்மதியாக இருக்க வைக்கும் திறமை எனக்கு அப்போதே இருந்தது. அந்தத் திறமையை நினைத்தால் இப்போது எனக்குக் கன்னத்தில் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

பட்டறை பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் கீழ்த்தளம். புத்தகம் கட்டுவது தொழில். கல்யாணப் பத்திரிகை, கோயில் விழா மலர் என்று கொஞ்சம் அச்சுவேலையும் உண்டு. பாலத்துக்கு அப்பால் பெருநிலத்து ஜுருவில் நான் தரம் பார்த்துக்கொண்டிருந்த தொழிற்சாலை, ஒரு நாள் என் தரத்தையும் பார்த்துவிட்டு வேறு நாட்டுக்குப் போனபோது எனக்கு நாற்பத்து மூன்று வயது. பாய் என்னைப் பிழை திருத்துபவனாகச் சேர்த்துக்கொண்டார். மாப்பிள்ளையின் பெயரும் மணமகளின் பெயரும் இடம் மாறாமல் பார்த்துக்கொள்வது என் முதல் வேலை. காகிதம் வெட்டுகிறவர் அதே பெருநிலத்தில் பத்து காவான் என்ற ஊரில் புதிதாக வந்த ஆலைக்குப் போய்விட்டதும் வெட்டு இயந்திரமும் என் தலையில் விழுந்தது. நிஜமாகவே விழுந்திருந்தால் இருபது குடும்பங்களுக்கு நல்லதாகப் போயிருக்கும். இதற்கிடையில் நான் நகைச்சுவை எழுத்தாளனும்கூட. சொந்தச் செலவில் இரண்டு புத்தகங்கள். விற்காத பிரதிகளில் நான்கை அந்த இயந்திரத்தின் ஆடும் காலுக்கு அடியில் கொடுத்திருந்தோம். என் எழுத்து ஏதாவது ஒரு பாரத்தைத் தாங்கியது என்றால் அது அங்கேதான்.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவர். பத்து காவான் பக்கம் எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் கைமாறியபோது அம்மாவோடு தீவுக்கு வந்து சுங்கை பினாங் அடுக்குமாடியில் குடியேறி, பாயின் வாப்பா காலத்தில் தையல்காரியாகப் பட்டறைக்குள் நுழைந்தவர். வண்ணத்தாள் போடும் வித்தையை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதுவரை அதைச் செய்துவந்த பெரியவர் ஒருவரை எதிர் மேசையில் நூல் கோத்துக்கொண்டே பார்த்தார்; பெரியவர் வராத ஒரு நாளில் தொட்டியை எடுத்துத் தானே செய்துவிட்டார். மறுநாள் பெரியவர் வந்து பார்த்துவிட்டுத் தையல் மேசையில் போய் உட்கார்ந்தாராம். இதை அக்கா சொல்லும்போது பெருமை இருக்காது. “அவருக்குக் கண்ணு மங்கிடுச்சு, வேற என்ன” என்பார்.

வேலை இப்படி. சந்தையில் வாங்கிய காய்ந்த கடல்பாசியைக் கொதிக்க வைத்து, துணியில் வடிகட்டி, கஞ்சித்தண்ணீர் பதத்தில் ஒரு தகரத் தொட்டியில் ஊற்றி ஆறவிடுவார். நோன்பு மாதத்தில் பாய் தொட்டியை எட்டிப் பார்த்து, “இதுல சீனி போட்டா எனக்கு நோன்பு தொறக்க ஆச்சு” என்று சொல்லாமல் போனதில்லை. தாளை முந்தின நாளே படிகாரத் தண்ணீரில் துடைத்து வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்ணம் பிடிக்காமல் வழிந்துவிடும். அரைத்த வண்ணத்தில் ‘மருந்து’ சில சொட்டு. ஈர்க்குச்சிக் கட்டு ஒன்றை அதில் தோய்த்து விரலால் தட்டினால், துளிகள் பாசி நீரின் மேல் விழுந்து மூழ்காமல் காசு காசாக விரியும். அடுத்த வண்ணம் முந்தினதை ஒதுக்கி இடம் பிடிக்கும். மருந்து கூடினால் வண்ணம் ஓடிப் பரவி வெளிறிவிடும். குறைந்தால் கல் மாதிரி அடியில் போய் உட்காரும். பிறகு ஆணி அடித்த மரச்சட்டத்தைச் சீப்பு மாதிரி இழுப்பார். காசுகள் எல்லாம் இழையாகி, இழைகள் மயில் கழுத்தாகும். தாளை ஒரு மூலையிலிருந்து மெல்லக் கிடத்தி, காற்றுக்குமிழ் இல்லாமல் எடுத்து, அலசித் தொங்கவிடுவார். அந்த நேரத்தில் பக்கத்தில் போனால் திட்டு. “தம்பி, மூச்ச வெளிய விட்டுட்டு உள்ள வாங்க. உங்க காத்துல எம் பூ ஆடுது.”

இந்தத் தாள்கள் புத்தகத்தின் உள்ளட்டைக்கு. ஆனால் அக்காவின் பெரிய வேலை ஓரங்களில். கட்டி முடித்த கனமான பதிவேட்டை இரண்டு பலகைக்கு நடுவில் திருகி இறுக்கி, அதன் ஓரத்தை அப்படியே தொட்டியில் தொட்டு எடுப்பார். மேல், கீழ், முன் என்று மூன்று ஓரம். ஒவ்வொரு தாளும் தன் விளிம்பில் ஒரு மயிரளவு வண்ணத்தை வாங்கிக்கொள்ளும். மூடியிருக்கும்போது பார்த்தால் நூற்றுக்கணக்கான தாள்களைக் கடந்து ஒரே இழையாக ஓடும். பார்ப்பவர்கள் அலங்காரம் என்று நினைப்பார்கள். அது பூட்டு. நடுவில் தாள்களை உருவினால் இழை அந்த இடத்தில் துண்டுபட்டுத் தள்ளி நிற்கும். வேறு தாளைச் செருகினால் வெள்ளைக்கோடு விழும். அதே கோலத்தை இன்னொரு முறை யாராலும் போட முடியாது, போட்டவராலும் முடியாது. சங்கங்களும் கோயில்களும் தங்கள் பதிவேடுகளை எங்களிடம் கட்டக் கொடுத்த காலத்தில் இது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பிறகு வந்த நிர்வாகிகளுக்குத் தெரியவில்லை. “அந்தப் பூ போட்ட மாதிரியே” என்று கேட்டு வாங்கிப் போனார்கள். பக்க எண்கூடக் கேட்பதில்லை. ஓரம் இருக்கும்போது எண் எதற்கு என்று பாயும் அச்சிடுவதில்லை.

அக்கா பிறந்த தோட்டத்து அம்மன் கோயிலின் உறுப்பினர் பதிவேட்டைக் கட்டியதும் நாங்கள்தான். குடும்பத்துக்கு ஒரு பக்கம். அதில் பெயர் உள்ள குடும்பத்துக்குப் பொதுக்கூட்டத்தில் ஓட்டு, இல்லாத குடும்பத்துக்கு இல்லை என்பது கோயில் சட்டம். அந்த ஒரு புத்தகத்துக்கு மட்டும் அக்கா மருந்தைத் தொடவில்லை. “அம்மன் காலடியில வெக்கிற புத்தகம், தம்பி. அதுல போய் இத ஊத்துவாங்களா” என்று சொல்லி, பூந்திக்கொட்டையை ஊறவைத்து அந்த நுரைத்தண்ணீரை வண்ணத்தில் கலந்தார். இரண்டு நாள் வீணாகி மூன்றாம் நாள் பிடித்தது. வண்ணம் வழக்கம்போல் விரியவில்லை. இழைகளுக்கு நடுவே அரிசிப்பொரி மாதிரி சின்னச் சின்ன வெள்ளைக் கண்கள். பட்டறையில் அப்படி ஓரம் போட்ட புத்தகம் அது ஒன்றுதான்.

சில ஆண்டுகள் கழித்து, ஒரு வியாழக்கிழமை, அந்தப் பதிவேடு திரும்பி வந்தது. தையல் விட்டுப்போயிருந்தது, புதிதாகக் கட்ட வேண்டும் என்று கோயில் கமிட்டி ஆள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். பத்து நாளில் பொதுக்கூட்டம். என்ன கூட்டம் என்பது அக்காவுக்குத் தெரியும். தோட்டம் இருந்த இடத்தில் புதுநகரம் எழும்பிக்கொண்டிருந்தது. கோயில் நிலத்தைச் சாலைக்கு விட்டுக்கொடுத்து வேறிடத்தில் சின்ன மனை வாங்கிக்கொள்ளலாம் என்று கமிட்டி முடிவு கட்டியிருந்தது. உறுப்பினர்கள் கை தூக்க வேண்டியதுதான் பாக்கி. தீவுக்கு வந்துவிட்ட இருபது குடும்பங்களும் எதிர்ப்பு. அக்காவின் அம்மாதான் அவர்களில் மூத்தவர். அந்தக் கோயில் கிணற்றை வெட்டியவர்களில் அக்காவின் அப்பா ஒருவர். மண் சரிந்து அதற்குள்ளேயே போனவர். சாலை அந்தக் கிணற்றின் மேல்தான் வருவதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அக்கா அட்டையைப் பிரித்து எடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, இங்க விரல வைங்க. என்ன தெரியுது?”

“பூ.”

“பூவாம். அந்த நீலம் எங்க போவுதுன்னு பாருங்க.”

பார்த்தேன். மூலையிலிருந்து சரிந்து வந்த ஒரு நீல இழை, முக்கால் தூரத்தில் படி தவறியவன் மாதிரி நின்று, ஒரு நெல்லளவு தள்ளி மறுபடி தொடங்கியது. சிவப்பும் அப்படி. வெள்ளைக் கண்களில் ஒன்று பாதி இந்தப் பக்கம், மறுபாதி எங்குமே இல்லை. அக்கா அந்த இடத்தில் புத்தகத்தைத் திறந்தார். சேர்த்து மடித்துத் தைத்த ஒரு மடிப்பு, பத்துத் தாள், முழுதாக உருவப்பட்டிருந்தது. தீவுக் குடும்பங்கள் இருந்த மடிப்பு. அதற்கு முந்தின மடிப்பும் பிந்தின மடிப்பும் ஒன்றையொன்று தெரியாதவர்கள் மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றன. தையல் தானாக விடவில்லை. நூலைப் பிளேடால் அறுத்திருந்தார்கள்.

“எங்கம்மா இதுலதான் இருந்தாங்க” என்றார். சத்தம் போடவில்லை. ஒரு நாளும் போட மாட்டார்; தொட்டி முன்னால் முப்பது வருஷம் நின்றவருக்கு மூச்சை அடக்கிப் பழக்கம்.

அவருடைய உறவில் ஒரு தம்பி வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தா. அவரைப் பார்த்து என்ன செய்யலாம் என்று கேட்டுவரக் கிளம்பினார். கிளம்பும் முன் என்னிடம் இரண்டு வேலை சொன்னார். ஒன்று, புத்தகத்தை யாரும் தொடக் கூடாது. இரண்டு, ஓரத்தைப் படம் எடுத்து வைக்க வேண்டும். அக்காவின் கைப்பேசி ஒரு முறை தொட்டியில் விழுந்தது; அன்றிலிருந்து அதன் கேமரா உலகம் முழுவதையும் பாசி நீரின் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தது. என்னுடையது நல்ல கேமரா. எடுத்தேன். மூன்று படம். எந்த மூன்று என்பதைப் பிறகு சொல்கிறேன். சொல்லும்போது நீங்களும் என்னைத் திட்டலாம். வரிசையில் எனக்குப் பின்னால் நில்லுங்கள்.

பாய் தொழுகைக்குப் போயிருந்தார். பட்டறையில் நான் மட்டும். அப்போது கோயில் தலைவரே நேரில் வந்தார். நல்ல உயரம், வெள்ளைச் சட்டை, அரசு தரும் டத்தோ பட்டம் இன்னும் வராததை ஒரு தற்காலிகத் தாமதமாக மட்டுமே கருதிய முகம். உட்காரச் சொன்னேன். புத்தகத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“நீங்கதானே அந்தச் சிரிப்புப் புத்தகம் எழுதுனது? என் சம்சாரம் படிச்சிட்டு அப்படிச் சிரிச்சாங்க. நம்ம கோயில் மலருக்கு நீங்கதான் ஆசிரியரா இருக்கணும், தம்பி. சும்மா சொல்லல.”

உலகத்தில் என் புத்தகத்தைப் படித்துச் சிரித்த ஒரு பெண் இருக்கிறார் என்ற செய்தி என் உடம்பில் என்ன செய்தது என்பதை நான் எழுதப்போவதில்லை. அருவருப்பாக இருக்கும். மருந்து இரண்டு சொட்டு அதிகமானால் வண்ணம் எப்படி ஓடிப் பரவுமோ அப்படிப் பரவினேன் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

“ஓரம் அழுக்கா இருக்குலா. ரெண்டு மில்லி வெட்டிடுங்க. அப்புறம் புதுசா ஒரு பூ போட்டுக் குடுத்தா கூட்டத்துல வெக்க நல்லாருக்கும்.”

எனக்குத் தெரியும். இதை ஒரு முறை தெளிவாக எழுதிவிடுகிறேன்: எனக்குத் தெரியும். காலையில்தான் என் விரல் அந்த இழையின் மேல் இருந்தது. இருந்தும் நான் செய்தது, சிரித்துக்கொண்டே, “தலைவரே, நடுவுல கொஞ்சம் தாள் கொறையிற மாதிரி இருக்கே” என்று ஒரு பந்தைத் தூக்கிப் போட்டதுதான். குற்றம்சாட்டவும் கூடாது, விட்டுவிட்டதாகவும் இருக்கக் கூடாது என்கிறவன் பேசும் பேச்சு அது.

“பழைய புத்தகம் தம்பி. கரையான் தின்னிருக்கும்.”

கரையான். தோட்டத்தில் இருந்த குடும்பங்களையெல்லாம் விட்டுவிட்டு, பாலம் தாண்டிப் போன இருபது குடும்பங்களை மட்டும் தேடித் தின்ற கரையான். நூலைப் பிளேடால் அறுக்கத் தெரிந்த கரையான். அதற்கு நான் சிரித்தேன். அவர் எதிரில் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்க, புத்தகத்தைக் கத்தியின் கீழ் வைத்து, மூன்று ஓரமும் வெட்டினேன். தையல் போடும் முன்பு ஓரம் வெட்டுவது எந்தப் பட்டறையிலும் கிடையாது. அந்த ஒழுங்கையும் மீறித்தான் வெட்டினேன். கத்தி இறங்கும்போது இயந்திரம் ஆடவில்லை. என் புத்தகங்கள் அதை உறுதியாகப் பிடித்துக்கொண்டிருந்தன.

அக்கா திரும்பி வந்தபோது தரையில் வண்ண நூல் மாதிரி சீவல்கள் கிடந்தன. நின்று பார்த்தார்.

“யாரு வெட்டுனது?”

“நான்தான் அக்கா. தலைவர் வந்து... அதான் போட்டோ இருக்கே.”

கையை நீட்டினார். கைப்பேசியைக் கொடுத்தேன். மூன்று படங்களையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார், பிறகு மறுபடி முதலிலிருந்து. மூன்றும் ஓரத்தின் மிக அழகான பகுதி. நீலமும் சிவப்பும் குழைந்து, வெள்ளைக் கண்கள் பூத்து, கிட்டப்போய் எடுத்த படங்கள். என் மூன்றாவது புத்தகத்துக்கு அட்டையாகப் போடலாம் என்று நினைத்து எடுத்தவை. இழை துண்டுபட்ட இடம் ஒன்றிலும் இல்லை. எந்தப் புத்தகத்தின் ஓரம் என்றுகூடச் சொல்ல முடியாது.

“அந்த எடம் எங்க?”

நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், எனக்கு வேண்டும்: “அது அழகா இல்லக்கா.”

அவர் கைப்பேசியை மேசைமேல் வைத்தார். துடைப்பத்தை எடுத்துச் சீவல்களைக் கூட்டி ஒரு பழைய செய்தித்தாளில் சேர்த்தார். ஆயிரக்கணக்கான மயிரிழைகள், கடவுளே வந்து உட்கார்ந்தாலும் வரிசைப்படுத்த முடியாது. அது அவருக்கும் தெரியும். குப்பையில் போட்டுவிட்டுக் கை கழுவினார்.

பாய் வந்ததும் விஷயம் சொல்லப்பட்டது. பாயின் பாதித் தொழில் கோயில்களால் நடக்கிறது. நெற்றியைத் தேய்த்தார். “நம்ம வேலை கட்டுறது தங்கச்சி. அவங்க சண்டை நமக்கு எதுக்கு” என்று தொடங்கினார். பாய் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார். பிறகு யாரையும் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னார்: “கட்டும்போது வெள்ளத்தாள் சேக்கிறது வழக்கந்தான். முன்னாடி சேப்போம், பின்னாடி சேப்போம். நடுவுல சேக்கக் கூடாதுன்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல.” சொல்லிவிட்டு, இல்லாத ஒரு தொலைபேசி அழைப்பை எடுக்க உள்ளே போனார்.

சனிக்கிழமை அக்கா பத்துப் புதுத்தாள்களைக் கைக்கத்தியால் அளவுக்கு வெட்டினார். என் இயந்திரத்தின் பக்கம் வரவில்லை. அவற்றை வீட்டுக்கு எடுத்துப் போய் அம்மா சொல்லச் சொல்ல இருபது குடும்பங்களையும் எழுதிக்கொண்டு வந்தார்: பெயர், பிள்ளைகள், தோட்டத்தில் எந்த வரிசையில் எத்தனாவது வீடு. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும், ‘இங்கே இருந்த தாள் எடுக்கப்பட்டது, இது நினைவிலிருந்து எழுதியது’ என்று எழுதியிருந்தார். எதையும் மறைக்கவில்லை. பழைய இடத்தில் வைத்துத் தைத்தார். பலகையில் இறுக்கித் திருகினார். பூந்திக்கொட்டையை ஊறவைக்கப் போனபோது பாய் பொறுக்காமல், “மருந்தயே ஊத்தி முடிச்சிருங்களேன், இவனுங்களுக்கு இது போதாதா” என்றார். அக்கா, “அம்மன் என்ன பாய் தப்பு பண்ணா” என்றார்.

ஓரம் பிடித்தது. இம்முறை புது இழை அந்தப் பத்துத் தாளையும் சேர்த்துக்கொண்டு ஓடியது. இனி யாராவது அவற்றை உருவினால் ஓரம் காட்டிக்கொடுத்துவிடும். திங்கட்கிழமை தலைவர் வந்து வாங்கிப் போனார். உள்ளே புரட்டவில்லை. ஓரத்தைத் தடவிப் பார்த்து, “பூ நல்லா விழுந்திருக்கு” என்றார்.

கூட்டத்துக்கு முதல் நாள் அக்கா என் மேசைக்கு வந்தார். அந்த வாரத்தில் அவராக வந்து பேசியது அது ஒரு தடவைதான். “நாளைக்கு எழுத்து புதுசா இருக்குன்னு கேப்பாங்க. நீங்க வந்து ஒண்ணே ஒண்ணு சொல்லணும். தாள் இல்லாதத பாத்தேன், ஓரத்த நான்தான் வெட்டுனேன்னு. அவ்வளவுதான், தம்பி.” நான் ஒப்புக்கொண்டேன். அவரையும் அம்மாவையும் என் காரிலேயே அழைத்துப் போனேன். பெருநிலத்துக்குப் போகும் இரண்டாம் பாலத்தில் ஏறினோம். நடுவழியில் அக்காவின் அம்மா, “கடல் இவ்வளவு பெருசா” என்று யாரையும் கேட்காமல் கேட்டார்.

கோயில் மண்டபம் நிறைந்திருந்தது. செயலாளர் பதிவேட்டைத் திறந்து குடும்பம் குடும்பமாகப் பெயர் வாசித்தார். அவர் நல்ல மனிதர், பக்கத்தின் தலையில் இருந்ததைக் கவனிக்காமலே தீவுப் பெயர்களையும் வாசிக்கத் தொடங்கிவிட்டார். மூன்று பெயர் ஆனது. மூன்று பேர் “இருக்கேன்” என்றார்கள். தலைவர் எழுந்து புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார். இது புது மை, புது எழுத்து, யாரோ கைவைத்திருக்கிறார்கள், செல்லாது என்றார். அக்கா எழுந்து, பழைய தாளை உருவியது யார் என்று முதலில் கேட்கச் சொன்னார். “உருவியிருந்தத பாத்த சாட்சி வந்திருக்கு” என்று என்னைக் கைகாட்டினார்.

ஒலிவாங்கி என் கைக்கு வந்தது. தலைவர் சிரித்தபடி, “வாங்க எழுத்தாளரே” என்றார். அத்தனை முகங்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய கூட்டம் என்னைப் பார்த்தது கிடையாது. இரண்டு வாக்கியம். ஏழெட்டுச் சொல். நான் தொடங்கியது இப்படி: “எனக்குக் கூட்டத்துல பேசிப் பழக்கம் இல்லீங்க. என் புத்தகத்த வாங்குனவங்க எல்லாரையும் சேத்தாலும் கூட்டமே வராது.”

சிரித்தார்கள். மண்டபம் முழுக்க. அந்தச் சத்தம் என் காதில் விழுந்ததும் நான் எதற்கு எழுந்தேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது. இன்னொன்று வேண்டியிருந்தது. “கரையான்கூட என் புத்தகத்தத் தொடாது. இந்தப் பதிவேட்டத்தான் தின்னிருக்கு.”

நக்கல் அது. தலைவரைக் குத்தத்தான் சொன்னேன், சத்தியமாக. ஆனால் அவர் அரை நொடிகூடத் தாமதிக்கவில்லை. “பாத்தீங்களா, சாட்சியே சொல்லிட்டாரு. கரையான்.” இன்னும் பெரிய சிரிப்பு. “இல்ல, நான் சொல்ல வந்தது” என்றேன். ஒலிவாங்கி என் கையில் இல்லை. அடுத்த பொருள் என்றார் செயலாளர். நிலத்தை விட்டுக்கொடுக்கும் தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னார்கள், எண்ணினார்கள். எதிர்ப்பவர்கள் என்றார்கள். அக்காவின் அம்மா கை தூக்கினார். எண்ணிக்கொண்டு வந்தவர் அவரைத் தாண்டிப் போனார். அவர் கையை இறக்கவில்லை. தீர்மானம் நிறைவேறி, நன்றி சொல்லி, தட்டில் பலகாரம் வந்த பிறகும் அந்தக் கை மேலேயே இருந்தது. அக்காதான் பிடித்து மெதுவாக இறக்கி மடியில் வைத்தார்.

திரும்பும்போது காரிலிருந்து இறங்கி, கதவைச் சாத்தும் முன், “வரேங்க சார்” என்றார் அக்கா. பத்து வருஷத்துக்கு மேலாகத் தம்பி. அதற்குப் பிறகு சார்தான். இரண்டு மாதம் கழித்துப் பட்டறையை விட்டுவிட்டார். இப்போது ஜுருவில் கார் இருக்கைக்கு உறை தைக்கிறார். கிணறு இருந்த இடத்தில் ஆறு வழிச் சாலை. அதன் மேல் நானே பல முறை ஓட்டிப் போயிருக்கிறேன், வேறு வழி இல்லை. கோயில் இரண்டு தொழிற்சாலைச் சுவர்களுக்கு நடுவில் இருக்கிறது. தலைவர் தலைவராகவே இருக்கிறார். மலருக்கு ஆசிரியர் வேலை எனக்கு வரவில்லை. வந்திருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேனோ என்ற கேள்விக்கு நான் இன்னும் பதில் தேடிப் பார்க்கவில்லை, பதில் கிடைத்துவிடும் என்ற பயத்தில். பதிவேட்டில் அந்தப் பத்துத் தாளும் அப்படியே இருப்பதாகக் கேள்வி. எடுக்க முடியவில்லை.

போன மாதம் அக்கா கூப்பிட்டார். தீவுக் குடும்பங்கள் சேர்ந்து உறுப்பினர் உரிமை கேட்டு வழக்குப் போடுகிறார்கள். குமாஸ்தா தம்பிக்கு என் கையெழுத்தில் ஒரு வாக்குமூலம் வேண்டும். அம்மாவுக்கு இப்போது கண் தெரிவதில்லை, பெயர் திரும்ப வந்துவிட்டதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறார். “ஒரு பக்கம் போதும் சார். சிரிப்பு வேணாம்” என்றார்.

எட்டு முறை எழுதினேன். எட்டிலும் எங்காவது ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. மேலே நீங்கள் இவ்வளவு நேரம் படித்தது அந்த எட்டிலும் அடித்துத் தள்ளியவற்றின் குவியல். ஒன்பதாவது இது. நேற்று கையெழுத்துப் போட்டு அக்காவிடம் கொடுத்தேன்.

‘பதிவேட்டில் தீவுக் குடும்பங்களின் பத்துத் தாள்கள் உருவப்பட்டிருந்ததை வெள்ளிக்கிழமை காலை நான் கண்ணால் பார்த்தேன். நூல் அறுக்கப்பட்டிருந்தது. அது கரையான் அரித்தது அல்ல. ஓரத்தில் இருந்த வண்ணக்கோடு அதற்குச் சாட்சியாக இருந்தது. அன்று மதியம் கோயில் தலைவர் கேட்டுக்கொண்டதன் பேரில், விஷயம் தெரிந்தே, மூன்று ஓரங்களையும் நான் வெட்டினேன். பொதுக்கூட்டத்தில் இதைச் சொல்ல எனக்கு வாய்ப்புத் தரப்பட்டது. நான் சொல்லவில்லை. என்னை யாரும் மிரட்டவில்லை.’